ஜாவா படிக்கும் அப்பா

லா சப்பல், பாரிஸ், 4 பெப்ரவரி 2025

அன்பு மகள் லூசியாவுக்கு,

நான் சுகம். நீயும் யதுர்ஷனும் சுகமாயிருக்க வேண்டும். ரூ காய் தெருக் கடையில் இப்போது காலை வேலை மட்டும்தான். பின்னேரத்தில் நூலகத்துக்குப் போய், நீ வேலையில் எழுதும் அந்த ஜாவா என்ற கணினி மொழியைப் படிக்கிறேன். சிரிக்காதே. என் பிள்ளை நாள் முழுக்க என்னதான் எழுதுகிறாள் என்று அறிய அறுபத்திரண்டு வயதில் ஆசை வந்துவிட்டது. கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லையாம். உலாவியைத் திறந்து கணக்குக்குள் போனால் அங்கேயே எழுதலாம், ஓடவிடலாம். "வணக்கம் லூசியா" என்று வரச் செய்யப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் பிழைதான் வருகிறது. எழுதியதைத் தாளில் பார்த்தெழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அம்மா போய் எட்டு மாதம். நீ போன் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

அப்பா
வலன்ரைன்

லியோன், 15 பெப்ரவரி

அப்பாவுக்கு,

தாள் கிடைத்தது. கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டு, உள்ளே நிரலில் வகுப்பின் (class) பெயரைச் சிறிய எழுத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வரி முடிவில் அரைப்புள்ளியும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். அடக்கம் முடிந்து நான்காம் நாள்தான் எனக்கு அறிவித்தீர்கள். ஆஸ்பத்திரியில் அம்மா என்னைக் கேட்டாரா?

லூசியா

லா சப்பல், 1 மார்ச்

அன்பு மகளுக்கு,

திருத்தினேன், ஓடியது. உன் பெயர் திரையில் வந்ததும் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கேட்டவ, பிள்ளை. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் கேட்டார். "பிள்ளை ரயில் ஏறிட்டாளோ?" என்றார். "ஓம், ஏறிட்டாள்" என்று பொய் சொன்னேன். நீ வருகிறாய் என்று சீப்பால் தலை இழுத்துவிடச் சொன்னார். இழுத்துவிட்டேன்.

நீ கட்டிய யதுர்ஷனின் சாதி ஆட்களோடு நமக்குச் சம்பந்தமில்லை என்று லா சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். நீ அவனோடு வந்து நின்றால் சனம் என்ன கதைக்கும் என்றுதான் யோசித்தேன். உன் தாயை யோசிக்கவில்லை.

ஈஸ்டருக்கு இரண்டு பேரும் வீட்டுக்கு வாருங்கள்.

அப்பா

லியோன், 20 மார்ச்

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை யதுர்ஷனுக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால், "வயசு போன மனுசன், போவம்" என்றிருப்பார்.

அடுத்து, இரண்டு எண்களைக் கூட்டும் நிரல் ஒன்று எழுதிப் பாருங்கள். பிழை வந்தால் இதே விலாசத்துக்கு அனுப்புங்கள். எத்தனை தரம் என்றாலும் திருத்தி அனுப்புவேன்.

வீட்டுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள், அப்பா. என்னால் ஏலாது.

உங்கள் மகள்
லூசியா