நீ பார்க்காமல் சொன்ன பதில்

இன்று பிரஷர் பார்க்க நம் பழைய கிளினிக்குக்குப் போயிருந்தேன். குண்டு வெடித்தால் கண்ணாடி சிதறாமலிருக்கட்டும் என்று போர்க்காலத்தில் நாம் ஜன்னலில் குறுக்கும் மறுக்குமாக டேப் ஒட்டினோமே, அந்தப் பசைக்கறை இன்னும் போகவில்லை. அதைச் சுரண்டிக்கொண்டு நின்றபோது என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்ட பிறகுதான், எனக்கு நானே பதில் சொல்ல வேண்டும் என்பது உறைத்தது.

அந்நாளில் குண்டு வெடிப்பு ஒத்திகை முடிந்து, நம் தலைமை நர்ஸ் பெரிய மிஸ்ஸி பெயர் வாசிக்கும்போது யாரும் தனக்காகப் பதில் சொல்லக்கூடாது. அவளுடைய சோடிக்காரிதான், எனக்கு நீ, உனக்கு நான், கண்ணால் பார்த்துவிட்டு "இருக்கா" என்று சொல்ல வேண்டும். அடிபட்டுக் கிடப்பவளால் குரல் கொடுக்க முடியாது என்பதால் அந்த ஏற்பாடு. கர்ப்பிணிகளுக்கு நிறை பார்த்து, பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, மிச்சப் பொழுதில் மணல் வாளி நிரப்பிய நமக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. எப்போதும் நீதான் காயக்காரி. ஸ்ட்ரெச்சரில் சொகுசாகப் படுத்துக்கொண்டு, "மெதுவாத் தூக்குங்கடீ, புதுச் சாரி" என்பாய்.

பிறகு ஒருநாள் டவுன் பக்கம் நிஜமாகவே குண்டுச் சத்தம் கேட்டது. நான் தடுப்பு மருந்துப் பெட்டியோடு வெளியே போயிருந்தேன். பாதைகளை மூடிவிட்டார்கள். சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள்.

இங்கே கிளினிக்கில் பெரிய மிஸ்ஸி என் பெயரை வாசித்ததும் நீ "இருக்கா" என்றாயாம்.

"எங்க? நீ பாத்தியா?"

"பாக்கல மிஸ். ஆனா இருக்கா."

எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கினாயாம். பொழுது சாய நான் வந்து சேர்ந்தபோது கேட்டருகே நின்றுகொண்டிருந்தாய். கட்டிப்பிடிப்பாய் என்று நினைத்தேன். "ஐஸெல்லாம் உருகிப்போச்சே, இனி இந்த மருந்து எதுக்கு ஆகும்?" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய் அழுதாய்.

நீ கண்ணை மூடிய பிறகு எனக்கு யாருமில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். சில நாட்களில் என் பெயரை ஒருவரும் கூப்பிடாமலே பொழுது போய்விடுகிறது. நான் இருக்கிறேன் என்று சொல்ல ஓர் ஆள் இல்லாதது பயமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் உன் பெயரை நானே மெல்ல வாசித்தேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். யார் ஏசினாலும் பரவாயில்லை என்று, பார்க்காமலே பதிலும் சொன்னேன்.

"இருக்கா."