ஓரத்தில் ஒரு பென்சில் கோடு

அக்கா,

நீங்கள் இறந்த பின் வீட்டை ஒதுக்கிய உங்கள் மகன் அனுப்பிய பொதி இன்று காலை வந்தது. உள்ளே, சனிக்கிழமை வகுப்பில் நீங்கள் பிள்ளைகளோடு வாசித்த அந்தப் பழைய நாவல். அட்டை கழன்று ஒரு ரப்பர் வளையத்தில் நிற்கிறது. பிரித்தேன். பக்க ஓரமெல்லாம் பென்சில் கோடுகள்.

கோடு உங்கள் ஏற்பாடு. "பெரிய ஆக்கள் ஒண்டைச் சொல்லி வேற ஒண்டைச் செய்யிற இடம் வந்தா, ஓரத்தில ஒரு கோடு போடுங்கோ. விளக்கம் வேண்டாம், கோடு காணும்." ஜெர்மனியின் கொலோன் நகரில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தின் பின்னறை, ஒன்பது பிள்ளைகள், ஒரே பிரதி. நான் எங்கள் மாத இதழுக்குச் செய்தி எடுக்க வந்து பின்வரிசையில் இருப்பேன். நாவலில் வருகிற ஊர்த் தலைவர் விதானையார் மேடையில் எல்லோரும் சமம் என்று பேசுவார். அவர் வளவில் மரம் ஏறுகிறவருக்குத் தண்ணீர் சிரட்டையில்தான். அந்தப் பக்கத்தில் ஒன்பது கோடுகள் இருக்கின்றன.

அன்று சங்கச் செயலாளரின் மகள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. பதினொரு வயது.

"டீச்சர், புத்தகத்துக்கு வெளியிலயும் கோடு போடலாமோ?"

"எங்க, பிள்ளை?"

"எங்கட வீட்டில. போன கிழமை விழா அலுவலா எல்லாரும் வந்தவை. எல்லாருக்கும் பூப்போட்ட கப்பில தேத்தண்ணி. ஒலிபெருக்கி பூட்டுற மாமாவுக்கு மட்டும் பேப்பர் கப். அவர் எப்ப வந்தாலும் அப்பிடித்தான்."

"அம்மாவுக்குக் கழுவப் பஞ்சியாக்கும்" என்றான் ஒரு பெடியன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அப்ப மற்றக் கப்புகளை ஏன் கழுவினவ?"

அவள் அவனைத் திருப்பிக் கேட்டாள். சாதி என்ற சொல்லை அவள் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. "நீங்கள் கவனமாப் பாத்திருக்கிறியள்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். செயலாளர் உட்காரவே இல்லை.

"உந்தப் புத்தகம் பிள்ளையளைக் கெடுக்குது. என்ர பிள்ளை இல்லாததைச் சொல்லப் பழகியிருக்கு. அவள் இதில எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்க வேணும். நீங்கள் புத்தகத்தை மாத்த வேணும். இல்லாட்டிப் பின்னறை தர ஏலாது."

"இதுகளைப் பேசுறதுக்கு ஒரு நேரம் இருக்குத்தானே அக்கா" என்றார் ஒரு தாய், சமாதானமாக.

"ஓம், அதுக்கும் டொக்டரிட்டைப் போற மாதிரி டெர்மீன் எடுத்துப்போட்டோ வாறது?" என்றீர்கள்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்களும் அண்டைக்கு எங்கட வீட்டில இருந்தனீங்கள். பத்திரிகைக்காரர், நடந்ததைத்தான் சொல்லுவியள். பிள்ளை சொல்லுற மாதிரி ஏதும் பாத்தனீங்களோ?"

பார்த்தேன். பூப்போட்ட கோப்பை என் கையில் இருந்தது. ஒலிபெருக்கி பூட்டுகிறவர் வாசல் பக்கம் நின்று குடித்ததைப் பார்த்தேன், அவருடைய காகிதக் கோப்பையைச் செயலாளரின் மனைவி இரண்டு விரலால் எடுத்துக் குப்பையில் போட்டதையும் பார்த்தேன். மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை நிம்மதியாகப் பார்த்தாள். தனக்கு ஒரு சாட்சி இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

"நான் கவனிக்கேல்லை" என்றேன்.

நீங்கள் எழுந்தீர்கள். "பிள்ளை மன்னிப்புக் கேக்காது. அறையை நீங்களே வச்சிருங்கோ." அவ்வளவுதான் சொன்னீர்கள். புறப்படும்போது அவள் உங்களிடம் நாவலைக் கேட்டு வாங்கி, கடைசி வெற்றுத் தாளில் ஏதோ எழுதித் திருப்பித் தந்தாள். பெயராக இருக்கும் என்று நினைத்தேன். அதன் பிறகு வகுப்பு உங்கள் வீட்டு வரவேற்பறையில், நாலு பிள்ளைகளோடு நடந்தது. அவளை அனுப்பவில்லை.

இதழில் நான் எழுதியது ஒரு வரி: "பெற்றோர் கூட்டம் சுமுகமாக நடைபெற்றது." ட்ராம் தரிப்பில் சந்தித்தபோது அதைப் பற்றி நீங்கள் சொன்னதும் ஒரு வரிதான். "வாசிச்சனான். எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை." பிறகு வழக்கம்போல மழையைப் பற்றிப் பேசினீர்கள். அதற்குப் பின் எத்தனையோ வருடம் என் வீட்டுக்கு வந்தீர்கள், என் மேசையில் தேநீர் குடித்தீர்கள். ஒரு தடவையும் கேட்கவில்லை. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இன்று அந்தக் கடைசித் தாளைப் பார்த்தேன். அழுத்திப் போட்ட ஒரு கோடு. பக்கத்தில் பிள்ளைக் கையெழுத்தில், "நிருபர் மாமா". அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து: "திருத்தம் போடுவார்."

திகதி இல்லை. எந்த வருடம் எழுதினீர்கள், எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

பிழையாக வந்த செய்திக்கு இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போடுவது எங்கள் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர்களுக்குப் போட்டிருக்கிறேன், திகதிகளுக்குப் போட்டிருக்கிறேன். வருகிற இதழுக்கு இதை எழுதி அனுப்பிவிட்டேன்:

"திருத்தம்: சனிக்கிழமை வகுப்புப் பெற்றோர் கூட்டம் சுமுகமாக நடைபெற்றதாக முன்பு வெளியான செய்தி தவறு. அக்கூட்டத்தில் பிள்ளை ஒருவர் உண்மை சொன்னதற்காக அவமதிக்கப்பட்டார். அவர் குறிப்பிட்ட வீட்டில் விருந்தினருக்குப் பீங்கான் கோப்பையும், சாதியின் பெயரால் ஒருவருக்கு மட்டும் காகிதக் கோப்பையும் கொடுக்கப்பட்டன. நிருபர் அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொன்னார்."

அவளுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். முகவரியை உங்கள் மகனிடம் கேட்டிருக்கிறேன். நாவல் என் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் அழிறப்பரும் இருக்கிறது. கோட்டை அழிக்கவில்லை, அக்கா. அது நடந்தது.