எல்லார் சட்டையிலும் ஸ்பிட்டேரி

பிப்ரவரி 6, செவ்வாய்

கமிட்டிக் கூட்டம். வெளியே நெருப்பு வெயில், கிளப் ஹாலில் ஏசி ஓடவில்லை. ரிப்பேருக்குக் காசில்லை என்று சொல்ல வேண்டியவளும் நான்தான். பொருளாளர் என்றால் எதைக் கேட்டாலும் இல்லை என்பவள்.

இன்றைய இல்லை பெரியது. இத்தனை வருஷமாக எங்கள் சான் பவ்ல் கால்பந்து கிளப் சட்டையில் பெயர் போட்டுக்கொண்டிருந்த சோஃபாக் கடைக்காரர் கடையையே மூடிவிட்டார். அவர் பணம் வராவிட்டால் லீக் கட்டணம், நடுவர் கூலி, மைதான விளக்குக்குக் கரண்ட் எல்லாம் போக ஜூனில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்போம்.

"பொண்ணுங்க டீமை இந்த வருஷம் மட்டும் நிறுத்தி வெச்சா என்ன?" என்றார் சென்சு. தலைவர். எழுபது தாண்டியவர், கெட்ட சேதி எதையும் கேள்வியாகத்தான் சொல்வார்.

அந்த டீம் போன வருஷம்தான் வந்தது. ஆரம்பிக்கச் சொல்லி எல்லாரையும் நச்சரித்தவள் நான்.

"ஒரு மாசம் டைம் குடுங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்து ஒரு முட்டை வேக வைத்தேன். ஒரே ஒரு முட்டைக்கு அந்தப் பாத்திரம் ரொம்பப் பெரிது.

பிப்ரவரி 13, செவ்வாய்

சட்டைக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். சென்சு சொல்லிவிட்டு இருமினார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேண்டீனில் என்னோடு நிற்கும் போலின்கூட, என் சினேகிதி, கையிலிருந்த பாஸ்டிட்சிப் பலகாரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அப்படி என்ன இருக்கிறது, சீஸைத் தவிர?

"யாருன்னு சொல்லித் தொலைங்க."

"ஸ்பிட்டேரி ரூஃபிங்," என்றார் சென்சு.

ஃப்ரெடு. என் கணவன். கணவனாக இருந்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, ஆபீஸில் போன் எடுக்க வந்த நடாலியோடு போனான், இப்போது மூன்று வருஷம். கூரை போடும் அந்தக் கம்பெனி எங்கள் வீட்டுக் கராஜில் பிறந்தது. அதற்குக் கணக்கு எழுதியே என் கண் போயிற்று. பிரிந்தபோது வீடு எனக்கு, கம்பெனி அவனுக்கு. ஸ்பிட்டேரி என்ற பெயர் மட்டும் இரண்டு பேருக்கும் தங்கிவிட்டது. பாங்க், பாஸ்போர்ட், லைசென்ஸ் என்று ஒவ்வொன்றாக யார் போய் மாற்றுவது? சோம்பல் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

பிப்ரவரி 14, புதன்

சென்சு போன் செய்தார். "ஜீனா, உனக்குப் பிடிக்கலன்னா விட்டுடலாம்மா. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

அதுதானே கஷ்டம்! யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் டீம் இல்லாமல் போகும், எல்லாரும் என்னிடம் ரொம்ப அன்பாக இருப்பார்கள்.

ஒப்பந்தத்தில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நான் போடாவிட்டால் அது வெறும் காகிதம். ஏன் செய்கிறான்? இளவயதில் இங்கே ஆடியவன், அந்தப் பாசமா? இல்லை, என் முகத்துக்கு நேரே நிற்கவா? எனக்கு ஏன் தெரிய வேண்டும்?

பிப்ரவரி 18, ஞாயிறு

பெர்த்திலிருந்து மகள் கிளோடின் பேசினாள். வழக்கம்போல ஐந்து நிமிஷம், வழக்கம்போல அப்பா.

"நல்லதுதானேம்மா பண்றார்? எல்லாத்தையும் உன்னைக் குத்தறதுக்காகப் பண்றார்னு ஏன் எடுத்துக்கற?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லியே."

"உன் குரல் சொல்லுது."

வைத்துவிட்டாள். என் குரல் என்ன சொல்கிறதென்று கேட்க இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி 20, செவ்வாய்

கையெழுத்தாகிவிட்டது.

அவன் சொன்னது வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் டாலர். நான் இருபது என்றேன், பாதி இப்போதே, மீதி ஜூன் முதல் வாரம். அவன் முதலில் சொல்லும் விலை என்றைக்கும் அவன் மனசில் இருக்கும் விலை அல்ல. இது எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். சென்சு வாயைப் பிளந்தார்.

"நல்லா இருக்கியா ஜீனா?" என்றான்.

"பேனா வேணுமா?" என்றேன்.

ஒரே தாளில் இரண்டு ஸ்பிட்டேரி. நடாலி வெளியே காரிலேயே இருந்தாள்.

மார்ச் 23, சனி

சொந்த மைதானத்தில் முதல் மாட்ச். நீலச் சட்டை, நெஞ்சில் வெள்ளை எழுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஸ்பிட்டேரி. முன்னேறும் ஸ்பிட்டேரி, வழுக்கி விழும் ஸ்பிட்டேரி, நடுவரைத் திட்டும் ஸ்பிட்டேரி.

எதிர் டீம் ஆள் ஒருவர் காப்பி வாங்க வந்தார். "யாருங்க இந்த ஸ்பிட்டேரி?"

"கூரை போடறவன்," என்றாள் போலின். "ஊர்ல எல்லாருக்கும் போடுவான். சொந்த வீட்டை மட்டும் மழையில விட்டுட்டான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், நன்றாகவே. அப்புறம் காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்... சரி, எழுத வேண்டாம்.

கேலரியில் முதல் வரிசை ஸ்பான்ஸருக்கு. வெள்ளைக் கோட்டில் நடாலி. கோல் விழுந்தபோது எந்தப் பக்கத்துக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் முழித்தாள். அது ஒன்றுதான் இன்றைக்கு எனக்குக் கிடைத்த இனிப்பு.

ஏப்ரல் 14, ஞாயிறு

லாண்டரிக் காசை மிச்சம் பிடிக்க, பெண்கள் டீம் சட்டைகளை நானே துவைக்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். இப்போது என் கொல்லைக் கொடி முழுக்க அவன் பெயர் காய்கிறது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாவம், என்னவென்று கேட்பாள்?

ஜூன் 11, செவ்வாய்

மீதிப் பணம் வரவில்லை. மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

சாயங்காலம் மைதானத்துக்கு வந்தான். காலி கேலரியில், குளிரில், ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு படி தள்ளி உட்கார்ந்தேன்.

"பணம் இல்ல ஜீனா."

கட்டடம் கட்டும் இரண்டு பேர் வேலையை வாங்கிக்கொண்டு காசு தராமல் கைவிரித்துவிட்டார்கள். வேன்களை விற்றாயிற்று. ஆட்கள் போய்விட்டார்கள். நடாலி ஈஸ்டருக்கு கோல்ட் கோஸ்ட்டில் அக்கா வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை.

"கமிட்டியில சொல்லிட்டியா?"

"செவ்வாக்கிழமை சொல்லுவேன்."

"சொல்லித்தான் ஆகணும்," என்று தலையாட்டினான்.

இந்த நாளை எத்தனை தடவை மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்! அவன் உடைந்து நிற்பான், நான் நிமிர்ந்து நிற்பேன். இன்றைக்கு அது வந்தது. பசித்தது, அவ்வளவுதான். அவன் கொட்டகையில் கூரைத் தகடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். நிறையக் கிடக்கிறது, வாங்கத்தான் ஆள் இல்லை என்றான். ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

ஜூன் 18, செவ்வாய்

கமிட்டியில் ஒரே கூச்சல். கேஸ் போடணும் என்றார் ஒருவர். சட்டையில் பெயர் மேலே கறுப்பு டேப் ஒட்டணும் என்றார் இன்னொருவர். எல்லாரும் கத்தி ஓய்ந்தபிறகு சொன்னேன்:

"அவர்கிட்ட பணம் இல்ல. தகடு இருக்கு, கை இருக்கு. நம்ம கூரையைப் போட்டுக் குடுக்கட்டும்."

கேண்டீனும் பெண்கள் உடை மாற்றும் அறையும் ஒரே கூரை. மழை வந்தால் பெண்கள் வாளிகளுக்கு நடுவே ஷூ கட்டுகிறார்கள். புதுக் கூரைக்காகத் தொம்போலா எண் விளையாட்டு நடத்திச் சேர்த்த பன்னிரண்டாயிரம் பாங்கில் இருக்கிறது. கூரையை அவன் போட்டால் அந்தப் பணம் விடுபடும். லீக் கட்டணம் கட்டலாம், வருஷத்தை ஓட்டிவிடலாம்.

பிறகு பின்வரிசையில் ஒரு குரல்: "புருஷனைக் காப்பாத்தறா."

"யாரு அது?" என்று போலின் எழுந்துவிட்டாள். "எழுந்து நின்னு சொல்லுய்யா, மூஞ்சியப் பாக்கறேன்."

யாரும் எழவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஆனால் ஹாலைப் பூட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் அந்தக் குரல். காப்பாற்றுகிறேனா? கிளப்பைத்தான். கிளப்பை மட்டும்தானா? தெரியல. சத்தியமா தெரியல.

ஜூலை 7, ஞாயிறு

அவன் கூரை மேலே, நான் கீழே கேண்டீனில். ஹீட்டரை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். தலைக்கு மேல் டிரில் சத்தம், நடை, தகடு இழுபடும் சத்தம், பிறகு மூச்சு வாங்கும் அமைதி. அறுபத்து நாலு வயசில் கூரை மேல் தனியாக நிற்கிறான். விழுந்து தொலையப் போகிறானே என்று ஒவ்வொரு அமைதிக்கும் பேனாவை வைத்துவிட்டேன். பிறகு என் மேலேயே கோபம் வந்தது.

ஏணியடியில் டீ வைத்துவிட்டு வந்தேன். கோப்பை காலியாகத் திரும்பி ஜன்னலில் இருந்தது.

போலின்: "ஜோடி சேந்தாச்சுன்னு ஊரே பேசுதுடீ."

"ஊருக்கு வேற வேலை இல்ல."

ஜூலை 20, சனி

கூரை முடிந்தது. நல்ல வேலை. வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

கை கழுவிக்கொண்டே கேட்டான். "இன்னிக்கு வீட்டுக்கு வரட்டுமா? ஒரு வேளை சாப்பாடுதானே."

"வேண்டாம் ஃப்ரெடு."

"இன்னும் கோவமா?"

"கோவமில்ல. நீ சாப்பிட்டுட்டுப் போயிடுவ. காலைல அந்த மேஜையில நான் தனியா உக்காரணும். அது பழக எனக்கு மூணு வருஷமாச்சு. இன்னொரு தரம் முதல்லேர்ந்து பழக என்னால முடியாது."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

வீட்டுக்கு வந்து சூப் வைத்தேன். பக்கத்து அறையில் டிவியைப் போட்டுவிட்டேன், யாரோ பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. சரியாகத்தான் சொன்னேன். சரியாகச் சொல்லிவிட்டால் வலிக்காது என்று யார் சொன்னது?

ஆகஸ்ட் 3, சனி

ஃப்ரெடு கீலாங்கில் தம்பியிடம் வேலைக்குப் போய்விட்டான். சென்சு சொல்லித்தான் தெரியும். ஒப்பந்தத்தை இந்த வருஷத்தோடு முடித்துக்கொள்கிறோம். அடுத்த வருஷம் சட்டையில் ஒரு பல் டாக்டர் பெயர் வரும், வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். முழுப் பணமும் முன்னாடியே வேண்டும் என்றேன். டாக்டர், பாவம், பயந்துவிட்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கிளோடின் போன். பெண்கள் டீம் நேற்று ஃபைனலில் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்ததை, கோல்கீப்பர் எப்படிப் பாய்ந்தாள் என்பதுவரை சொன்னேன். கூட்டத்தோடு சேர்ந்து மைதானத்துக்குள் ஓடி, சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்ததையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஆபீஸில் புது மேனேஜர் படுத்தும் பாட்டைச் சொன்னாள், கொஞ்சம் அழுதாள். அக்டோபரில் நான் அங்கே வருவதாகப் பேசி, பேசிக்கொண்டே டிக்கெட்டும் எடுத்துவிட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது.

போனை வைத்து, விளக்கைப் போட எழுந்தபோதுதான் உறைத்தது: அப்பாவைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.