இடது பக்கம் நின்ற ஆமிக்காரன்

நோன்பு பத்தொன்பது, வியாழன்.

தில்லையடிக்குச் சைக்கிளில் திரும்பும்போது சோதனைச்சாவடி ஆமிக்காரன் இடது பக்கம் நின்று கை காட்டியிருக்கிறான். என் கண்ணுக்குத் தெரியவில்லை, மிதித்துக்கொண்டே போனேன். துவக்கின் சடக்கென்ற சத்தம் கேட்டுத்தான் நின்றேன். அடையாள அட்டையைப் பார்த்து, ஏசிவிட்டு அனுப்பினான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி என் கண்மருந்துப் போத்தலை எடுத்துப் பார்த்தாள்.

"ஏன் இது குறையவே இல்ல?"

கண் பிரஷருக்குத் தினமும் காலையில் விடும் சொட்டு, தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும். நோன்பு முறிந்துவிடுமென்று தலைநோன்பிலிருந்தே விடவில்லை என்றேன்.

"விடிய முன்ன சஹருக்கு எழும்பின நேரம் விட்டிருக்கலாம்தானே?"

விட்டிருக்கலாம். பத்தொன்பது நாளும் எழும்பிச் சோறு தின்றேன். இது மட்டும் தோன்றவில்லை, மடையனுக்கு.

"இனி நானே விட்டுடுறேன். பார்வை சரியாகிரும்."

ஓம் என்றேன். போன பார்வை திரும்பாதென்று டொக்டர் முதல் நாளே சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.