எங்கள் ஊரில் நிற்காத ரயில்

வெள்ளிக்கிழமை, இரவு

பெங்களூர் போகப்போகிற அதிவேக ரயிலைப் பற்றி இன்று எங்கள் மண்ணூரில் கூட்டம் நடந்தது. அதிகாரி பேசி முடித்ததும் நான் எழுந்தேன்.

"சார், அது இங்க நிக்குமா?"

"அங்கங்க நின்னா அப்புறம் அது அதிவேகமாம்மா?"

"அப்ப எங்களுக்கு இன்னாத்துக்கு? அவ்ளோ பணத்துக்கு ஒரகடத்துலேர்ந்து எங்க ஊரு வழியா ஒரு சாதா ரயில் வுடுங்க. கம்பெனில ஓ.டி. பாத்துட்டு வர்றவங்க தூங்கிக்கினே வரட்டும். எங்க வூட்டுக்காரரு பைக் ஓட்டிக்கினே தூங்கிட்டாரு, சார். வூடு வந்து சேரல."

கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தோம். என் மாடி அறையில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண் இசக்கி, வழியெல்லாம் என் கையை விடவில்லை. "அத்தே, அந்த ஆளுக்கு முழி பிதுங்கிட்டுல்லா!" என்று சிரிக்க வைத்தாள்.

அப்போதெல்லாம் பஸ்ஸில் போனால் என் வீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து குறட்டை விடுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் எழுப்ப மனசு வராது. இறங்கும் இடம் வந்த பிறகுதான் தட்டுவேன்.