‘ஏய்’ என்று இங்கே யாரும் இல்லை

7 மார்ச் 1943, ஞாயிறு

ஜப்பான்காரர் கணக்கில் இது 2603 என்று எழுதவேண்டுமாம். வெளியே எழுதலாம். என் கொப்பியில் 1943தான்.

சிரம்பானில் தெமியாங் வீட்டைப் பூட்டியாயிற்று. அரிசி முடிந்து மூன்று கிழமை. அரசாங்கக் கந்தோர் மூடியபிறகு நான் கணக்கெழுதிய ஒரு பழைய தலைமைக் கிராணி, அவ்வளவுதான். ரந்தாவுக்கு அப்பால் உள்ள இந்த ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வீரமுத்து முன்பு கந்தோர் அலுவலாக என்னிடம் வந்துபோவான். “லயத்துல ஒரு காம்பரா காலியா கெடக்கு, மரவள்ளி போட நெலமும் தர்றோம், வாங்க ஐயா” என்று சொல்லியனுப்பியிருந்தான். நானும் மனைவி சரோஜினியும் மகள் மங்கையற்கரசியும் மத்தியானம் லாரியில் வந்து இறங்கினோம்.

இறங்கியதுமே அவமானம். லயம் என்கிற வரிசைவீட்டு வாசலில் ஒரு பெண் விறகு பிளந்துகொண்டு நின்றாள். “ஏய், இஞ்சை வாடி, இந்தப் பெட்டியைத் தூக்கு” என்றேன். அவள் திரும்பி முன்னும் பின்னும் பார்த்தாள்.

“யாரைக் கூப்பிடுறீங்க ஐயா? இங்க ஏய்னு யாரும் இல்லியே.”

“உன்னைத்தான்.”

“எம் பேரு பஞ்சாலை. ஏய் வந்தா சொல்லி அனுப்புறேன்.”

கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு போயே விட்டாள்! பெட்டியை நானே தூக்கினேன். இப்போது முதுகு நிமிராது.

8 மார்ச்

ஒரு பால்மரம் வெட்டுகிற கூலிக்கு இவ்வளவு வாயா? இருபத்திரண்டு வருஷம் என் முன்னால் ஒருவரும் இப்படிக் கதைத்ததில்லை. சரோஜினியிடம் சொன்னேன். “அவ சொன்னதிலை என்ன பிழை?” என்கிறாள். இவளுக்கும் விசர் பிடித்துவிட்டது.

15 மார்ச்

மண்வெட்டி பிடித்த உள்ளங்கை நாலு இடத்தில் கொப்பளித்துவிட்டது. எனக்குத் தந்த துண்டு நிலத்தில் ஒரு வரி கொத்துவதற்குள் பக்கத்துத் துண்டில் பஞ்சாலை ஆறு வரி முடித்துவிட்டாள். அவள் புருஷன் போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனான் என்று மங்கை சொன்னாள். தனியாகவே செய்கிறாள்.

மங்கை அவளை “அக்கா” என்கிறாள். சரோஜினி “தங்கச்சி” என்கிறாள். வந்து எட்டு நாள்தானே!

21 மார்ச்

வீரமுத்து வந்தான். வந்தார். (இதையும் பழகவேண்டும் போல.) நெடுநேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்று, “ஐயா, தப்பா நெனைக்கக்கூடாது. லயத்து ஆளுங்களுக்கு வருத்தம். நீங்க வாடா போடான்னு பேசுறீங்களாம், கூலிங்கிறீங்களாம். வெள்ளைக்கார தொர இருந்தப்ப கேட்டுக்கிட்டோம். இப்ப எல்லாரும் ஒரே கெழங்கத்தான திங்கிறோம்?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கிழங்கு ஒன்றுதான்.

24 மார்ச்

இன்று சமரசமாக ஒரு வழி கண்டேன். எங்கள் ஊரில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’ளுக்கும் நடுவே ‘நீர்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, எவருக்கும் குறையில்லாத சொல். ஆற்றுப்பக்கம் போன தங்கராஜுவைக் கூப்பிட்டு, “நீர் எங்கை போறீர்?” என்று கேட்டேன். தங்கராஜு இளவட்டம், முன்கோபக்காரன்.

“நீரு ஆத்துலதான் ஐயா போவுது. நான் வலை போடப் போறேன்” என்றான்.

லயம் முழுக்கச் சிரிப்பு. சரோஜினிகூட! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் நானும் சிரித்தேன். பொய் எழுதுவானேன், நன்றாகவே சிரித்தேன்.

2 மே

மங்கைக்கு உடம்பு காய்கிறது.

3 மே

முகமெல்லாம் கொப்புளம். பொக்குளிப்பான், சின்னம்மை. இருபது காம்பரா ஒட்டியிருக்கிற லயம், அதிலும் நாங்கள் புதிதாக வந்தவர்கள். வெளியே போ என்பார்கள். சொன்னால் எங்கே போவேன்? தெமியாங்கில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. கதவைச் சாத்தி வைத்துவிட்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தோம்.

மத்தியானம் கதவு தட்டுப்பட்டது. பஞ்சாலை. கை நிறைய வேப்பிலை.

“புள்ளைக்கு அம்மா வந்திருக்காங்கன்னு சொல்லக்கூடாதா? எனக்குச் சின்னதுலயே வந்து போயிட்டாங்க, நான் பாத்துக்கிறேன். நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. சத்தம் போட்டா அவங்களுக்குப் புடிக்காது.”

அம்மா. வந்திருக்காங்க. அவங்களுக்கு.

ஒரு வியாதிக்கு இவள் இத்தனை ‘ங்க’ போடுகிறாள். அதற்குக் கை கால் இல்லை, விறகு பிளக்காது, வேப்பிலை கொண்டுவராது. நான் இவளுக்கு என்ன போட்டேன்? ‘டி’.

12 மே

மங்கைக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தாயிற்று. ஒன்பது நாளும் பஞ்சாலை வந்தாள் – வந்தா – சரி, வந்தார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் இளநீர் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் வெளியே போ என்று சொல்லவில்லை.

காலையில் அவர் தண்ணீர் எடுத்துவரும்போது வழியில் நின்றேன். முந்திய நாளே மனதுக்குள் சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன். ஒரே மூச்சில், “பஞ்சாலை, நீங்கள் செய்த உதவியை நான் மறக்க மாட்டன். முதல் நாள் நான் கூப்பிட்ட விதம் பிழை. மன்னிக்கவேணும்” என்றேன்.

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். “பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களா ஐயா?”

பிறகு சிரித்தார். குடத்தை மாற்றுத் தோளில் வைக்கிற சாட்டில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி மரவள்ளியைப் பார்த்தேன்.

9 ஜூன், புதன்

ரந்தாவிலிருந்து ஜப்பான்காரரின் ஆள் வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். எங்கள் தோட்டத்திலிருந்து இருபத்தைந்து ஆண்கள் வேண்டுமாம். திங்கட்கிழமை லாரி வரும். பெயர்ப் பட்டியல் தயாராக இருக்கவேண்டும். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்கிறார்கள். ஏப்ரலில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை.

10 ஜூன்

சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம். பட்டியல் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தங்கராஜுதான் எழும்பினான். “புதுசா வந்தவங்க பேர மொதல்ல எழுதுங்க. இந்தத் தோட்டத்துக்கு அவங்க என்ன ஒட்டா ஒறவா? நாங்க இங்கயே கெடந்து சாவுறவங்க. வந்தவங்க போவட்டும்.”

அவன் கேட்டது அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவன் இடத்தில் நானிருந்தால் அதையே சொல்லியிருப்பேன், இங்கிலீஷில் சொல்லியிருப்பேன். சரோஜினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் கடுதாசியில் ஒன்று என்று போட்டு என் பெயரை எழுதத் தொடங்கினேன்.

“நிறுத்துங்க ஐயா” – பஞ்சாலை. “ஏன் தங்கராஜு, நீ இந்த ரப்பர் மரத்துலயா காச்ச? உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வந்து எறங்குனவங்க. ஐயா லாரியில வந்தாரு, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியா வந்தவங்கதான் மொதல்ல போவணும்னா, போன மாசம் வந்து பொறந்தாளே ஒம் மவ, அவளத்தான் லாரியில ஏத்தணும்!”

முதலில் தங்கராஜுவின் மனைவி சிரித்தாள். பிறகு எல்லோரும். அவனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். வீரமுத்து முடிவு சொன்னார்: “சீட்டுப் போடுவோம். எல்லார் பேரும். எம் பேரும்.”

கலைகிற நேரம் தங்கராஜு என்னிடம் வந்தான். “பயத்துல பேசிட்டேன்.” “எனக்கும் பயம்தான்” என்றேன். அவனை வேறு எப்படித் தேற்றுவது?

11 ஜூன்

சரோஜினி ஒரு நாளும் சபையில் பேசாதவள். இன்று வீரமுத்துவைக் கூப்பிட்டு, “ஒரு பிள்ளைக்கு வந்த அம்மாள் இருபது வீட்டுக்கும் வந்தால் என்ன? ஜப்பான்காரர் அம்மைக்குச் சரியான பயமாம்” என்றாள்.

வீரமுத்து அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஐயா, ஜப்பான் எழுத்து உங்களுக்குத் தெரியுமில்ல?”

தெரியும். சிரம்பானில் ஆறு மாத வகுப்பு. ஆனால் ஒரு பொய்யை இதுவரை நான் கடுதாசியில் எழுதியதில்லை!

13 ஜூன்

கடுதாசியில் எழுதவில்லை. பலகையில் எழுதினேன். கத்தக்கானா என்கிற ஜப்பான் எழுத்தில், கரியால், இரண்டு முழ உயரத்துக்கு: பெரியம்மை. உள்ளே வராதே.

எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கடைசி எழுத்து கொஞ்சம் சரிவு. அழித்துத் திருத்தினேன். பொய் என்றாலும் எழுத்து எழுத்துத்தானே.

14 ஜூன், திங்கள்

விடிந்ததிலிருந்து வேஷம். ரப்பர்ப் பாலைச் சொட்டுச் சொட்டாக முகத்தில் வைத்துக் காயவிட்டால் அசல் கொப்புளம். சுற்றிவர வெற்றிலைச் சாறு. பஞ்சாலை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு போனார். என் மூக்கில் மட்டும் ஏழு. “கிராணி ஐயாவுக்கு அம்மா கொஞ்சம் தாராளமா எறங்கியிருக்காங்க” என்றார். வாசல்தோறும் வேப்பிலை.

பத்து மணிக்கு லாரி. ஒரு அதிகாரி, இரண்டு சிப்பாய். அதிகாரி பலகையை வாசித்தார். நான் குனிந்து வணங்கி, தெரிந்த ஜப்பான் பாஷையில் “மிகவும் வருந்துகிறேன், அனைவருக்கும்” என்றேன். வீரமுத்து உள்ளேயிருந்து முனகினார். அதிகப்படி முனகல், எருமை ஈனுவதுபோல. தங்கராஜு எங்களைவிட ஒரு படி மேலே போய், அதிகாரியின் காலில் விழப்போகிறவன்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினான்.

அதிகாரி கைலேஞ்சியை மூக்கில் வைத்தபடி லாரிக்குள் பாய்ந்தார். பின்னுக்கு எடுத்த வேகத்தில் ஒரு வாழை மரமும் முறிந்து விழுந்து குலையோடு லாரியில் போயிற்று.

லாரிச் சத்தம் மறையும்வரை காத்திருந்தோம். பிறகு யாரோ ஒரு குழந்தை முகத்துக் கொப்புளத்தை இழுக்க, அது ரப்பராக நீண்டு ‘பட்’டென்று அறுந்தது. அவ்வளவுதான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

16 ஜூன்

அந்த லாரி வேறு தோட்டத்தில் பதினெட்டுப் பேரை ஏற்றிப் போனதாம். இன்று லயத்தில் சிரிப்பில்லை. பஞ்சாலை கோயிலில் பதினெட்டு விளக்கு வைத்தார். பெயர் தெரியாததால் ஆளுக்கொரு விளக்கு, என்றார்.

4 நவம்பர் 1943

மரவள்ளி தோண்டினேன். பஞ்சாலையின் கிழங்கை விடச் சிறிது. ஆனால் என் கிழங்கு!

20 செப்டம்பர் 1945

சண்டை முடிந்தது. ரந்தாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். மங்கை லயத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறாள். தெமியாங் போகலாமா என்று கேட்டேன். “பள்ளிக்கூடம் திறக்கட்டும் அப்பா, பிறகு பாப்பம்” என்றாள். சரோஜினியும் தலையாட்டினாள். என்னை யாராவது கேட்டிருந்தால் நானும் ஆட்டியிருப்பேன்.

18 பெப்ரவரி 1946, திங்கள்

இன்று புதுத் துரை வேலை தொடங்கினார். நான் தோட்டத்துக் கிராணி. சண்டைக்கு முந்திய பழைய செக்ரோலை, அதாவது வேலையாட்களின் பதிவேட்டை, தந்து பெயர் கூப்பிடச் சொன்னார்கள். பார்த்தால் பாதிப் பேர் முனியன் ஒன்று, முனியன் இரண்டு, முனியன் மூன்று. பெண்களுக்கு அதுவும் இல்லை. போன கிழமை முழுதும் வாசல் வாசலாகப் போய்க் கேட்டு, புதிதாக எழுதிவைத்திருந்தேன்: தகப்பன் பெயர், தாய் வைத்த பெயர், எல்லாம்.

எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற காலைப் பிரட்டில் அதைத்தான் வாசித்தேன். “கருப்பையா மகன் முனியாண்டி அவர்கள்.” சபை திகைத்தது. “சின்னசாமி மகள் பஞ்சாலை அம்மாள்.”

“இருக்கேன் ஐயா! சட்டுனு கூப்பிடுங்க. வெயில் ஏறினா மரம் பால் தராது” என்றார் பஞ்சாலை. ‘அவர்கள்’ளையும் ‘அம்மாள்’ளையும் விட்டுவிட்டு, பெயரை மட்டும் முழுதாகச் சொல்வதென்று அங்கேயே பேசி முடித்தோம். அப்படியும் பெயர் வாசிக்கவே பதினொரு நிமிஷம் பிடித்தது.

துரை கந்தோருக்குக் கூப்பிட்டார். “உம்முடைய பிரட்டு ஏன் இவ்வளவு நீளம்?”

“பெயர்கள் நீளம், சேர்.”

“கூலிகளுக்கு நம்பர் போதும். சுருக்கும்.”

“நோ, சேர்” என்றேன்.

இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னது இதுவே முதல் தடவை. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு ரப்பர்க் காட்டைப் பார்க்கப் போனார்.

நாளைக்கு ஐந்தரைக்குப் பிரட்டு. சரோஜினியை எதிரே உட்காரவைத்துக்கொண்டு வாசித்துப் பழகுகிறேன். ஒன்பது நிமிஷத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு பெயரிலும் ஓர் எழுத்து விடவில்லை.