உப்புத்தாள் மூடிய விரிசல்

என் தங்கையைக் கட்டியவரும், எனக்கு எதிர்ப்பேச்சு பேசத் துணிந்த ஒரே மனிதருமான ஆறுச்சாமி மாப்பிள்ளைக்கு,

நீங்கள் பாரத்தைத் தப்பாகக் கட்டியதால்தான் செத்தீர்கள் என்று கம்பெனி அறிக்கையில் எழுதிவிட்டார்கள். பொய். கிரேன் கொக்கியில் விரிசல் இருந்தது. விரிசல் இல்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான். உங்கள் மேல் எழுதிய பழி என் மேல் எழுத வேண்டியது. ஊரே படிக்கட்டும் என்றுதான் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தட்டுப்படாத விரிசலை இரும்பில் கண்டுபிடிப்பது என் வேலை. பிசுக்கைக் கழுவிவிட்டு, ஒளிரும் சாயம் கலந்த எண்ணெயைப் பூசி, அது உள்ளே இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு மேலே இருப்பதைத் துடைத்து வெள்ளைப் பொடி தூவினால், விரிசலுக்குள் போன எண்ணெயைப் பொடி உறிஞ்சி வெளியே கொண்டுவரும். இருட்டறையில் ஊதா விளக்கைக் காட்டினால் அந்த இடம் பச்சைக் கோடாக எரியும். நான் எட்டாவதோடு நின்றவன். எண்ணெய் டப்பாவோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தை அகராதி வைத்துப் படித்தே இதைக் கற்றேன். "மச்சான் அந்த வெளக்கப் புடிச்சா எங்கூட்டுக் கொழம்புல உப்பில்லைங்கறது கூடத் தெரியுமுங்க" என்று கேன்டீனில் எல்லாரையும் சிரிக்க வைப்பீர்கள்.

அந்தக் காகிதம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சோதனைக்கு முன்னால் இரும்பைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மேல்பரப்பு இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். எண்ணெய் உள்ளே போகாது. தேய்த்துவிட்டால், ஆசிட்டில் கழுவி வாயைத் திறந்த பிறகுதான் சோதிக்க வேண்டும்.

போன ஆயுத பூஜைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? கொக்கியைக் கழற்றி இறக்கி, இரண்டு நாள் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்கள். சோறு போடுகிற கொக்கி என்றீர்கள். கண்ணாடிபோல் மின்னியது. சந்தனம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். மறுநாள் காலையில் அது என் மேசைக்கு வந்தது. வருடச் சோதனையைப் பூஜைக்கு முன்னால் வைக்கச் சொல்லி நான் கேட்டிருந்தேன். யார் காதில் விழுந்தது?

"ஆசிட் வேணும்" என்றேன் சூப்பர்வைசரிடம்.

"ஏனுங்கண்ணா, நேத்துப் பூசை பண்ணுன கொக்கிய இன்னைக்கு ஆசிட்ல கழுவறதா? உங்க மாப்பிள்ளையே அடிக்க வந்துருவாரு."

நீங்கள் வாசலில் நின்று சிரித்தீர்கள். "உடுங்க மச்சான். எம்மொகமே அதுல தெரியுது. விரிசல் தெரியாதுங்களா?"

பிடிவாதக்காரன் என்று பேரெடுத்தவன் அன்றைக்குப் பார்த்து விட்டுக்கொடுத்தேன். விளக்கைக் காட்டினேன். ஒரு கோடும் எரியவில்லை. 'விரிசல் இல்லை' என்று எழுதினேன். விரிசல் இல்லாததாலும் கோடு எரியாது, வாய் மூடிக்கிடந்தாலும் எரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஏன் எழுதினேன் மாப்பிள்ளை?

ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொக்கி உடைந்தது. கீழே நீங்கள் நின்றிருந்தீர்கள்.

கொக்கித் துண்டை எடுத்து, உடைந்த பரப்பைப் பார்த்தேன். பாதி புதிதாகப் பளபளத்தது. மற்றப் பாதி கறுத்துத் துருவேறிக் கிடந்தது. எத்தனை மாதமாக வாய் பிளந்திருந்ததோ. அந்தத் துண்டை ஆசிட்டில் கழுவிச் சோதித்தேன். உடைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் மூன்று கோடுகள் எரிந்தன. சூப்பர்வைசரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, "அண்ணா, வெளிய சொன்னா மொதல்ல உங்க வேலைதானுங்க போகும்" என்றார்.

விசாரிக்க வந்த அதிகாரி மலையாளத்துக்காரர். என் காகிதத்தை என்னிடமே நீட்டி, "நிங்ஙள் தன்னெ ஒப்பிட்டதல்லே?" என்றார். நான் போட்ட கையெழுத்துத்தான்; அதுதான் குற்றம் என்று சொல்லத்தானே வந்தேன்? என் குற்றத்தை எழுதினால் கம்பெனியின் குற்றத்தையும் எழுத வேண்டும். செத்தவர் தலையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். தொழிற்சங்கத்துக்காரர்களோ, எமர்ஜென்சி என்று சொல்லி வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

எருத்தேன்பதியில் உங்கள் வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொன்னேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கடை வரிசையில் அவளைக் 'கட்டத் தெரியாதவன் பொண்டாட்டி' என்கிறார்களாம்.

"தெரிஞ்சேதானுங்களாண்ணா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா அம்மிணி."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

இப்போதெல்லாம் கோடு எரியாத இரும்பைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். மறுபடி ஆயுத பூஜை வருகிறது. உங்கள் இடத்துக்கு வந்த ஆள் நேற்று ஸ்டோரில் உப்புத்தாள் வாங்கினார். பிடுங்கிக் கிழித்தேன். "கெழவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்க" என்று எல்லாரிடமும் சொல்கிறார். சொல்லட்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி அறிக்கையில் உங்கள் பெயரை மேனேஜர் அடித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும்; பக்கத்தில் தன் பெயரையும். சூப்பர்வைசர் சோதனையைப் பூஜைக்கு முன்னால் வைக்க வேண்டும். கிரேன் ஆட்கள் சந்தனம் வைக்கட்டும், மாலை போடட்டும், தேய்க்கக் கூடாது. அந்த அதிகாரி ஒருமுறை இருட்டறைக்கு வந்து அந்தத் துண்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் பார்க்கும்வரை நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன். வேலையை விட்டு விரட்டினால், துண்டோடு கம்பெனி வாசலில் உட்காருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

தங்கை செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அவள் என்னோடு பேசவும் வேண்டாம்.

உங்கள் பெண்டாட்டியின் அண்ணன்,
மச்சான் பொன்னுச்சாமி